படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது: ஆர் மொழியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேட்டுக்காக ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் படம் வரைகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: ஒரு படத்தைத் தனியாக வரையத் தெரிகிறது, இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்தால் எல்லாம் கோணலாகிவிடுகிறது. அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

உதாரணத்துக்கு ஆர் கூடவே வரும் இரண்டு தரவுகள் போதும். ஒன்று ஏர்குவாலிட்டி: 1973 மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, 153 நாட்களுக்கு நியூயார்க்கில் எடுத்த ஓசோன், வெயில், காற்று வேகம், வெப்பநிலை அளவுகள். இன்னொன்று ஆன்ஸ்கோம்: அதே 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் வெளியிட்ட நான்கு குட்டித் தரவுகள். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

"ரெண்டு கிராஃபைப் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். ஒரே வரியில முடியுமா?"

முடியும். பிளாட், ஹிஸ்ட், பாக்ஸ்பிளாட் போன்ற ஆர்-இன் சொந்தக் கட்டளைகளில் வரைகிறீர்கள் என்றால், வரையத் தொடங்கும் முன் பார் கட்டளையில் எம்எஃப்ரோ என்ற அமைப்புக்கு 1, 2 என்று இரண்டு எண் கொடுங்கள். முதல் எண் எத்தனை வரிசை, இரண்டாவது எத்தனை நிரல். அதற்குப் பிறகு வரையும் முதல் படம் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் போய் உட்காரும். மூன்றாவதாக ஒன்று வரைந்தால் புதுப் பக்கம் தொடங்கிவிடும்.

எம்எஃப்கால் என்றும் ஒன்று இருக்கிறது. வித்தியாசம் நிரப்பும் திசையில் மட்டும்தான். எம்எஃப்ரோ வரிசை வரிசையாக நிரப்பும், எம்எஃப்கால் நிரல் நிரலாக நிரப்பும்.

"பக்கத்துல வைக்கறதா, மேலே கீழே வைக்கறதா? எது சரி?"

கட்டளையைத் தேடுவதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் படத்தைப் பார்க்கிறவர் எதை எதோடு ஒப்பிடப் போகிறார் என்று யோசியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படங்களில் கண் இடமிருந்து வலமாக ஓடும். அதனால் உயரங்களை ஒப்பிட அது வசதி. அதற்கு ஒய் அச்சு பொதுவாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாக இருக்கும் படங்களில் கண் நெட்டுக்குத்தாக இறங்கும். ஒரே நாளில், ஒரே இடத்தில் என்னென்ன நடந்தது என்று பார்க்க அது வசதி; அதற்கு எக்ஸ் அச்சு பொதுவாக இருக்க வேண்டும்.

ஏர்குவாலிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசோன் அதிகபட்சமாக 168 தொட்டது ஆகஸ்ட் 25-ஆம் தேதி. ஓசோன் படத்தை மேலேயும் காற்று வேகத்தைக் கீழேயும் வைத்து, அந்தச் சிகரத்திலிருந்து நேராகக் கீழே இறங்கினால் காற்று வேகம் மணிக்கு 3.4 மைல்தான் என்று தெரியும். காற்று அடங்கிய நாளில் ஓசோன் தேங்கியிருக்கிறது. இதே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த நாளை வலப்பக்கப் படத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாறாக, மாதவாரியாக ஓசோன் எப்படி ஏறி இறங்கியது என்று காட்டப் பெட்டிப் படங்கள் போடுகிறீர்கள் என்றால் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். மே மாத நடுமதிப்பு 18, ஜூலையில் 60. அந்த உயர வித்தியாசம் பார்த்தவுடன் தெரியும். (ஜூன் பெட்டியை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பாருங்கள். அந்த மாதத்தில் ஓசோன் அளவு பதிவானது 9 நாட்களுக்குத்தான்.)

இது வெறும் ரசனை சார்ந்த விஷயமில்லை. பெல் ஆய்வகத்தில் வில்லியம் கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கில்லும் ஆட்களை வைத்துச் சோதித்து 1984-இல் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. பொதுவான ஒரே அளவுகோலில் இருக்கும் புள்ளிகளைத்தான் மனிதர்கள் மிகச் சரியாக ஒப்பிடுகிறார்கள். அளவுகோல் ஒன்றாக இருந்தும் நேர்கோட்டில் இல்லாமல் தள்ளித் தள்ளி இருந்தால் துல்லியம் ஒரு படி குறைகிறது. நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்கும் பின்னால். படங்களை நேர்ப்படுத்த நாம் படும் பாடு இதற்காகத்தான்.

"எம்எஃப்ரோ போட்டேன். ஆனா ஜிஜிபிளாட் படம் மட்டும் தனித்தனியாத்தான் வருது. ஏன்?"

ஆர்-இல் இரண்டு வரைகலை முறைகள் இருக்கின்றன. ஒன்று ஆரம்பத்திலிருந்தே கூட வரும் அடிப்படை முறை. இன்னொன்று, ஆர் பிறந்த அதே ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் மர்ரல் எழுதிய கிரிட். லேட்டிஸ், ஜிஜிபிளாட்2 (சுருக்கமாக ஜிஜிபிளாட்) என்ற வரைகலைப் பேக்கேஜ்கள், அதாவது ஆர்-இல் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகள், இரண்டும் கிரிட் மேல்தான் நிற்கின்றன. பார் கட்டளை அடிப்படை முறைக்கு மட்டும் உரியது. கிரிட் அதைத் திரும்பியும் பார்க்காது.

ஆகவே உங்கள் படம் எந்த முறையில் வரையப்பட்டது என்று முதலில் பாருங்கள். அடிப்படை முறை என்றால் அடுத்த சில பதில்கள் உங்களுக்கு. ஜிஜிபிளாட் என்றால் "ஒரே தரவுல பல குழு" என்ற கேள்வியிலிருந்து படிக்கலாம்.

"ஓரம் ரொம்பப் பெரிசுன்னு பிழைச் செய்தி வருது. நான் ஓரத்தைத் தொடவே இல்லையே?"

நீங்கள் தொடாவிட்டாலும் ஆர் தானாக ஓரம் விடுகிறது. மார் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு கீழே 5.1, இடப்பக்கம் 4.1, மேலே 4.1, வலப்பக்கம் 2.1 வரிகள். ஒரு வரி என்பது வழக்கமாக 0.2 அங்குலம். அப்படியானால் ஒவ்வொரு படத்துக்கும் மேல் கீழ் ஓரத்துக்கு மட்டுமே 1.84 அங்குலம் போகிறது. 7 அங்குல உயரச் சாளரத்தில் ஆறு படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், ஆர் எழுத்தைச் சுருக்கிக்கொண்ட பிறகும் ஓரத்துக்கு ஏறக்குறைய 1.21 அங்குலம் தேவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 1.17 அங்குலம்தான். படம் வரைய இடமே மிஞ்சவில்லை; அதைத்தான் அந்தச் செய்தி சொல்கிறது.

மாரை 4, 4, 1, 1 என்று குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தனித்தனித் தலைப்பு இல்லையென்றால் மேல் ஓரம் தேவையே இல்லை. ஆர்ஸ்டூடியோ என்ற செயலியில் வேலை செய்கிறவர்கள் முதலில் படப் பலகத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பல நேரம் அந்தப் பலகம் சின்னதாக இருப்பதுதான் காரணம்.

"நாலு படம் சேர்த்ததும் எழுத்தெல்லாம் சின்னதாயிடுச்சு, ஏன்?"

ஆர் வேண்டுமென்றே செய்வது அது. இரண்டு வரிசை, இரண்டு நிரல் என்றால் எழுத்தளவு 0.83 மடங்காகும். வரிசையோ நிரலோ மூன்றைத் தொட்டால் 0.66 மடங்கு. ஒரு வரிசை, இரண்டு நிரல் என்றால் குறையாது. வேண்டாம் என்றால் எம்எஃப்ரோ கொடுத்த பிறகு, அதற்கடுத்த கட்டளையாக, செக்ஸ் என்ற எழுத்தளவு அமைப்பை 1 ஆக்குங்கள். வரிசை முக்கியம்: முன்னாலேயே கொடுத்தால் எம்எஃப்ரோ அதை மாற்றிவிடும்.

"வேலை முடிஞ்ச பிறகும் எல்லாப் படமும் பாதி அளவுலயே வருது."

பார் அமைப்பு அந்தச் சாளரம் மூடப்படும்வரை அப்படியே இருக்கும். மாற்றும்போது பழைய மதிப்பை ஒரு பெயரில் பிடித்து வைத்துக்கொண்டு, முடிந்ததும் அதையே திரும்பக் கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு டெவ்.ஆஃப் கொடுத்துச் சாளரத்தை மூடினாலும் போதும்.

"ஒரு படம் பெரிசா மேலே, ரெண்டு படம் சின்னதா கீழே. எம்எஃப்ரோல இது வரலையே?"

எம்எஃப்ரோவுக்குச் சம அளவுக் கட்டங்கள்தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது லேஅவுட் கட்டளை. அதற்கு ஓர் எண் அணி கொடுக்க வேண்டும்: முதல் வரிசை 1 1, இரண்டாம் வரிசை 2 3. முதல் படம் மேல் வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதும் மூன்றாவதும் கீழே பிரித்துக்கொள்ளும். அணியில் 0 போட்ட இடம் காலியாக விடப்படும். விட்த்ஸ், ஹைட்ஸ் இரண்டிலும் விகிதம் சொல்லலாம். மேல் வரிசை இரண்டு மடங்கு உயரம் வேண்டுமென்றால் 2, 1.

வரைவதற்கு முன் லேஅவுட்.ஷோ கொடுத்துப் பாருங்கள். எந்த எண் எங்கே விழுகிறது என்று வெறும் கட்டங்களாகக் காட்டும்.

"எல்லாப் படத்துக்கும் சேர்த்து மேலே ஒரே தலைப்பு?"

படத்தின் ஓரம் வேறு, பக்கத்தின் ஓரம் வேறு. பக்கத்தின் வெளி ஓரத்துக்கு ஓமா என்று பெயர். இயல்பாக அது நாலு பக்கமும் 0. மேலே மட்டும் 2 வரி கொடுத்துவிட்டு, எம்டெக்ஸ்ட் கட்டளையில் அவுட்டர் என்பதை உண்மை ஆக்கித் தலைப்பை எழுதுங்கள். ஆர்-இன் உதவிப் பக்கத்தில் ஆன்ஸ்கோம் தரவுக்குக் கொடுத்திருக்கும் உதாரணம் இதை அப்படியே செய்து காட்டுகிறது. எக்ஸாம்பிள் கட்டளைக்குள் ஆன்ஸ்கோம் என்று போட்டு ஓட்டிப் பாருங்கள்.

"ஒரே தரவுல பல குழு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனிப் படம் வரைஞ்சு ஒட்டறதா, ஃபேசெட் பண்றதா?"

ஃபேசெட், அதாவது ஒரே படத்தைக் குழுவுக்கு ஒரு கட்டமாக (பேனல்) பிரித்து வரைவது. ஒட்டும் வேலையில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அதில் வராது. ஃபேசெட்_ராப், ஃபேசெட்_கிரிட் இரண்டுமே பேனல்களை ஒரே படத்துக்குள் வரைகின்றன. அதனால் அவை நேராகத்தான் இருக்கும், அளவுகோலும் இயல்பாகவே பொது. ஒரே மாதிரிப் படம், வேறு வேறு குழு என்றால் எப்போதும் இதையே செய்யுங்கள். ஆன்ஸ்கோம் தரவு எக்ஸ் நான்கு, ஒய் நான்கு என்று எட்டு நிரல்களாக இருக்கும். பிவட்_லாங்கர் மூலம் நீள வடிவத்துக்கு (அகலவாக்கில் இருக்கும் நிரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வடிவம்) மாற்றிக்கொண்டால் நான்கு பேனல்களும் ஒரே கட்டளையில் வந்துவிடும்.

ஸ்கேல்ஸ் என்பதில் ஃப்ரீ கொடுப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஆன்ஸ்கோமின் நான்கு தரவுகளிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816 அளவில், பொருத்திய கோடு ஒய் = 3 + 0.5 எக்ஸ். நான்கு படங்களும் முற்றிலும் வேறு வேறு என்று காட்டத்தான் அவர் அவற்றை உருவாக்கினார். நான்காவதில் பத்துப் புள்ளிகள் எக்ஸ் 8-இல் ஒரே நெட்டாக நிற்கும், ஒன்று மட்டும் தனியாக 19-இல் இருக்கும். மற்ற மூன்றிலும் எக்ஸ் 14-ஐத் தாண்டாது. பேனலுக்குப் பேனல் அளவுகோலை அவிழ்த்துவிட்டால், அந்த ஒற்றைப் புள்ளி எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். உதவிப் பக்க உதாரணத்தில் நான்குக்கும் எக்ஸ் 3 முதல் 19 வரை, ஒய் 3 முதல் 13 வரை என்று கட்டிப்போட்டிருப்பது அதற்காகத்தான்.

"சரி, ஆனா என்னோட பேனல்கள்ல அலகே வேற வேற. ஓசோன் ஒரு அலகு, வெப்பம் ஒரு அலகு. அப்பவும் ஃபேசெட் ஆகுமா?"

ஆகும். நான் அதிகமாகப் பயன்படுத்தும் வழியே இதுதான். தரவை நீள வடிவுக்கு மாற்றி, ஃபேசெட்_ராப்பில் ஒரே நிரல் என்று சொல்லி, ஒய் அளவுகோலை மட்டும் ஃப்ரீ ஆக்குங்கள். இங்கே ஒய் அச்சை அவிழ்ப்பதில் தவறில்லை; ஓசோனையும் பாரன்ஹீட்டையும் உயரம் வைத்து ஒப்பிடப் போவதில்லை. நாட்களைத்தான் ஒப்பிடுகிறோம், அந்த எக்ஸ் அச்சு பொதுவாகவே இருக்கிறது.

ஒவ்வொரு பேனலின் பெயர்ப் பட்டையையும் ஸ்ட்ரிப்.பொசிஷன் மூலம் இடப்பக்கம் நகர்த்தி, தீமில் (படத்தின் தோற்ற அமைப்பு) ஸ்ட்ரிப்.பிளேஸ்மெண்ட் என்பதை அவுட்சைடு ஆக்கி, ஒய் அச்சின் பொதுப் பெயரை நீக்கிவிட்டால், பட்டையே ஒவ்வொரு பேனலுக்கும் அச்சுப் பெயராக நிற்கும். அதில் அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

"வெவ்வேற மாதிரிப் படங்களைச் சேர்க்க எந்த பேக்கேஜ் நல்லது?"

புள்ளிப் படம் ஒன்று, பெட்டிப் படம் ஒன்று என்றால் ஃபேசெட்டால் முடியாது. மூன்று பேக்கேஜ்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கிரிட்எக்ஸ்ட்ரா பழையது, அதன் கிரிட்.அரேஞ்ச் எதை வேண்டுமானாலும் கட்டத்தில் வைக்கும், ஆனால் பேனல்களை நேர்ப்படுத்தாது. கிளாஸ் வில்கே எழுதிய கௌபிளாட்டில் பிளாட்_கிரிட் இருக்கிறது. அலைன், ஆக்ஸிஸ் இரண்டையும் நீங்கள் சொன்னால் நேர்ப்படுத்தும். தாமஸ் லின் பெடர்சனின் பேட்ச்வொர்க், சொல்லாமலேயே நேர்ப்படுத்தும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பேட்ச்வொர்க் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குறிமுறை கௌபிளாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

"கிரிட்.அரேஞ்ச் போட்டா மேல் படத்தோட இடது அச்சும் கீழ் படத்தோட இடது அச்சும் ஒரே கோட்டுல இல்லை. ஏன் அப்படி?"

ஜிஜிபிளாட் படத்தில் பேனலுக்கு என்று நிலையான அகலம் கிடையாது. மொத்த அகலத்தில் ஒய் அச்சின் பெயர், எண்கள், கோடுகள், வலப்பக்கம் லெஜெண்ட் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல்) எல்லாம் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் பேனல். ஓசோன் படத்தின் அச்சில் 50, 100, 150 என்று மூன்று இலக்கம் வரை வரும். காற்று வேகப் படத்தில் 5, 10, 15, 20, இரண்டு இலக்கம்தான். அச்சு எண்களின் இயல்பு அளவு 8.8 புள்ளி. அந்த அளவில் ஓர் இலக்கம் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் அகலம். அந்த ஒரே இலக்கத்துக்காக ஓசோன் பேனல் அவ்வளவு தூரம் வலப்பக்கம் தள்ளித் தொடங்கும்.

1.7 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 15 சென்டிமீட்டர் அகலத்தில் 153 நாட்களைப் போட்டால் ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மே மாதத் தொடக்கத்தில் மேல் படத்திலிருந்து நேராகக் கீழே பார்க்கிறவர் கிட்டத்தட்ட இரண்டு நாள் தள்ளிப் படிப்பார். வலது ஓரங்கள் இரண்டும் ஒன்றாக இருப்பதால் செப்டம்பரை நோக்கிப் போகப்போக இந்த விலகல் குறைந்துகொண்டே வரும். அதனால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது சுலபம். ஒரு படத்தில் மட்டும் லெஜெண்ட் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சென்டிமீட்டர் கணக்கில் விலகும்.

பேட்ச்வொர்க் செய்வது இதுதான்: எல்லாப் படங்களிலும் ஒய் அச்சுப் பகுதி எவ்வளவு அகலம் என்று பார்த்து, மிகப் பெரியதை எல்லாவற்றுக்கும் கொடுக்கிறது. கௌபிளாட்டில் அலைன் என்பதற்கு நெட்டுக்குத்தைக் குறிக்கும் வி, ஆக்ஸிஸ் என்பதற்கு இடது வலது இரண்டையும் சேர்த்து எல்ஆர் என்று கொடுங்கள்.

"பேட்ச்வொர்க்ல மேலே ரெண்டு, கீழே ஒண்ணு கேட்டேன். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ரெண்டுன்னு வருது."

பேட்ச்வொர்க்கில் | குறி படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும், / குறி மேலும் கீழுமாக வைக்கும். நீங்கள் ப1 | ப2 / ப3 என்று எழுதியிருப்பீர்கள். ஆர்-இல் வகுத்தல் குறிதான் முதலில் பிணையும். அதனால் ப2-வும் ப3-யும் மேலும் கீழுமாகச் சேர்ந்துவிட்டு, பிறகுதான் ப1 பக்கத்தில் வந்து நிற்கிறது. (ப1 | ப2) / ப3 என்று அடைப்பு போட்டால் நீங்கள் கேட்டது வரும்.

கூட்டல் குறிக்கும் இதே விதிதான். ப1 | ப2 எழுதிவிட்டு அடைப்பு இல்லாமல் + பிளாட்_லேஅவுட் (மொத்தப் படத்தின் அமைப்பைச் சொல்லும் கட்டளை) சேர்த்தால், அந்த அமைப்பு ப2-க்கு மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். முழுப் படத்துக்கும் சேர வேண்டும் என்றால் எப்போதும் அடைப்புக்குள் போட்டுவிட்டு வெளியே சேருங்கள். எல்லாப் படங்களுக்கும் ஒரே தீம் வேண்டுமென்றால் + குறிக்குப் பதிலாக & குறி; அதுவும் அடைப்புக்கு வெளியேதான்.

"கைட்ஸ் கலெக்ட் கொடுத்தும் லெஜெண்ட் ரெண்டு தடவை வருது."

லெஜெண்டுகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லும் பிளாட்_லேஅவுட் அமைப்பு அது. முதலில் முந்தைய பதிலில் சொன்ன அடைப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிரச்சினை.

அது சரியாக இருந்தால், இரண்டு லெஜெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். தலைப்பு, வகைப் பெயர்கள், அவற்றின் வரிசை, நிறம் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் பேட்ச்வொர்க் ஒன்றாக்கும். ஒரு படத்தில் மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதங்கள், இன்னொன்றில் நான்குதான் என்றால் சேராது. இரண்டு படங்களுக்கும் நிற அளவுகோலில் லிமிட்ஸ் கொடுத்து ஐந்து பெயர்களையும் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒன்று: ஜிஜிபிளாட்2-இன் 3.5.0 பதிப்பிலிருந்து, ஓர் அடுக்கில் இல்லாத வகைக்கு லெஜெண்டில் குறி வரையப்படுவதில்லை. இடம் வெறுமையாக இருக்கும். அதனாலும் இரண்டு லெஜெண்டும் வேறுபட்டுப்போகும். அந்த அடுக்கில் ஷோ.லெஜெண்ட் என்பதை உண்மை ஆக்கினால் குறி திரும்ப வந்துவிடும்.

"ஒய் அச்சு ரெண்டு படத்துலயும் ஒண்ணேதான். ஒரு தடவை போட்டா போதாதா?"

போதும். பேட்ச்வொர்க்கின் 1.2.0 பதிப்பில் இதற்கு வழி வந்தது. பிளாட்_லேஅவுட்டில் ஆக்ஸிஸ்_டைட்டில்ஸ் என்பதற்குக் கலெக்ட் கொடுத்தால் ஒரே மாதிரிப் பெயர்கள் ஒன்றாகும். ஆக்ஸஸ் என்பதற்குக் கலெக்ட் கொடுத்தால் எண்களும் சேர்ந்து ஒன்றாகும். ஆனால் அச்சு தானாகப் பொதுவாகிவிடாது. இரண்டு படங்களுக்கும் ஒய் எல்லையை நீங்களே ஒன்றாக்க வேண்டும்; & குறி போட்டு ஒய் அளவுகோலை ஒரே தடவை கொடுப்பது சுலபம்.

"ஒரு படத்துல மட்டும் வகைப் பெயர் ரொம்ப நீளம். அதுக்காக மத்த எல்லாப் படமும் உள்ளே தள்ளிப்போகுது."

நேர்ப்படுத்துவதன் விலை இது. மிக அகலமான அச்சுக்கு எல்லாரும் இடம் விட வேண்டியிருக்கிறது. பெயரை இரண்டு வரியாக உடைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால், அந்தப் படத்துக்கும் மற்றவற்றுக்கும் பொது அச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொது அச்சு இல்லையென்றால் அதை ஃப்ரீ கட்டளைக்குள் போட்டுவிடலாம். தன் இடத்தை அது தானே நிரப்பிக்கொள்ளும். இருக்கிறதென்றால் அவிழ்க்காதீர்கள்.

"வரைபடத்தை (மேப்) கிராஃப் பக்கத்துல வெச்சா சுத்தி வெள்ளையா இடம் விழுது."

கோஆர்ட்_எஸ்எஃப், கோஆர்ட்_ஃபிக்ஸ்டு இரண்டும் அகல உயர விகிதத்தைக் கட்டிப்போடுகின்றன. மேப்பை இழுத்து நீட்ட முடியாது, நீட்டவும் கூடாது. மேப்பின் விகிதத்தைப் பார்த்து, அதற்கேற்ற மாதிரி விட்த்ஸ் கொடுத்து, கோப்பின் மொத்த அளவையும் அதற்கு இசைவாக அமைத்தால் வெள்ளை இடம் குறையும். நேர்ப்படுத்துவதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மேப்புக்கும் கிராஃபுக்கும் ஒப்பிட வேண்டிய பொது அச்சு கிடையாது.

"சாதாரண பிளாட் கட்டளையில வரைஞ்ச படத்தை ஜிஜிபிளாட் படத்தோட சேர்க்க முடியுமா அக்கா?"

முடியும். கிரிட்கிராஃபிக்ஸ் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். பிளாட் கட்டளைக்கு முன்னால் அலைக்குறி (~) போட்டு, ராப்_எலிமெண்ட்ஸ் என்பதற்குள் பேனல் என்ற இடத்தில் கொடுத்தால் பேட்ச்வொர்க் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் அச்சு துல்லியமாக நேர்ப்படாது, மாரைக் கொண்டு கையால் சரிசெய்ய வேண்டும். ஒரே ஒரு படம்தான் அப்படி என்றால் அதையும் ஜிஜிபிளாட்டில் திரும்ப வரைந்துவிடுவது வேகமான வழி.

"திரையில அழகா இருக்கு. சேமிச்சு வேர்டுல ஒட்டினா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடுது."

ஜிஜிசேவ் கட்டளைக்கு அகலம் உயரம் சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் உங்கள் படப் பலகம் எந்த அளவில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். பிறகு வேர்டில் பாதியாகச் சுருக்கினால் எழுத்தும் பாதியாகும். பக்கத்தில் கடைசியாக எந்த அளவில் நிற்கப்போகிறதோ, அதே அளவில் சேமியுங்கள். ஏ4 தாளில் இருபுறமும் 2.5 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் மிச்சம் 16 சென்டிமீட்டர். அகலம் 16, உயரம் 9, அலகு சென்டிமீட்டர் என்று கொடுத்து, சுருக்காமல் ஒட்டுங்கள். 11 புள்ளி எழுத்து தாளிலும் 11 புள்ளியாகவே விழும். எழுத்து பெரிதாகத் தெரிந்து பேனல் நெருக்கினால், இரண்டு படங்கள் அந்த அகலத்தில் கொள்ளவில்லை என்று அர்த்தம். மேலும் கீழுமாக மாற்றுங்கள்.

ஆர் மார்க்டவுனில் அவுட்.விட்த் 50 சதவீதம் என்று கொடுத்து இரண்டு படங்களைப் பக்கத்தில் வைக்கிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அது இரண்டு தனி கோப்புகளைச் சுருக்கிப் பக்கத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். அச்சுகள் நேர்ப்படாது.

"அச்சுப் பெயரைத் தமிழ்ல போட்டா கட்டம் கட்டமா வருது, இல்லேன்னா கொம்பு தனியா நிக்குது."

கட்டம் வந்தால் எழுத்துரு பிரச்சினை. தீமில் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி கணினியில் நிறுவிய ஒரு தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால், வரையும் சாதனத்துக்கு எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை என்று பொருள். ராக் என்ற பேக்கேஜ் அதைச் சரியாகச் செய்கிறது. அதை நிறுவிவிட்டால் ஜிஜிசேவ் பிஎன்ஜி கோப்புகளுக்குத் தானாகவே அதைப் பயன்படுத்தும். ஆர்ஸ்டூடியோ அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் ஏஜிஜி என்று மாற்றினால் திரையிலும் சரியாகத் தெரியும். பல பேனல் படம் என்றால் & குறியோடு தீமை ஒரே தடவை கொடுங்கள்; இல்லையென்றால் ஒரு பேனல் மட்டும் பழைய எழுத்துருவில் நின்றுவிடும்.

"பைதான்ல இதுக்கு என்ன?"

மேட்பிளாட்லிப்பில் சப்பிளாட்ஸ் கட்டளைக்கு 1, 2 கொடுத்து ஷேர்ஒய் என்பதை உண்மை ஆக்குங்கள். அச்சு உண்மையிலேயே பொதுவாகிவிடும். லேஅவுட் என்பதற்குக் கன்ஸ்ட்ரெயின்டு கொடுத்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எது பக்கத்தில், எது கீழே என்பதற்கு இரண்டாவது கேள்வியின் பதில் அங்கேயும் பொருந்தும்.

"ரெண்டு ஒய் அச்சு வெச்சு ஒரே படத்துல போட்டா இந்தத் தொல்லையே இல்லையே?"

இடப்பக்கம் ஓசோன், வலப்பக்கம் காற்று என்று வைத்தால் இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த அளவுகோலைப் பொறுத்தது. தரவில் அப்படி எதுவும் இல்லை. பார்க்கிறவர் அந்த வெட்டுப் புள்ளிக்குப் பொருள் தேடுவார். ஜிஜிபிளாட்டின் செக்_ஆக்ஸிஸ், முதல் அச்சை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றி எழுதிய அச்சை மட்டும்தான் ஏற்கும். பாரன்ஹீட்டுக்கு எதிரில் செல்சியஸ் போடுவது அதன் சரியான பயன். இரண்டு வேறு அளவுகள் என்றால் மேலும் கீழுமாக அடுக்குங்கள்.

"பிரசண்டேஷன்ல ஒவ்வொரு ஸ்லைடுலயும் ஒரு படம். ஸ்லைடு மாறும்போது அச்சு குதிக்குது. சேர்த்து வைக்காமலே நேர்ப்படுத்த முடியுமா?"

முடியும், பலருக்கு இது தெரியாது. பேட்ச்வொர்க்கில் அலைன்_பேட்சஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. படங்களை அதற்குள் கொடுத்தால், எல்லாவற்றின் ஓரங்களையும் அளந்து ஒரே அளவாக்கி, தனித்தனிப் படங்களின் பட்டியலாகத் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் ஒரே அகல உயரத்தில் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்லைடில் வைக்கும்போது கையால் இழுத்து வைக்காமல், இடத்தை எண்ணாகக் கொடுத்து வையுங்கள். அப்போதுதான் அடுத்த ஸ்லைடுக்குப் போகும்போது பேனல் அதே இடத்தில் நிற்கும்.